நாலு வீட்டுக்கு ஒரு சோபா

அந்த சோபாவை முதலில் கேட்டு வாங்கியது ரொட்டிக்காரிதான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அவள் செய்தாள். அதுவும் இரவல் சோபாவில்.

ரொட்டிக்காரி என்றால் ரொட்டி விற்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். நகரத்துக்கெல்லாம் ரொட்டி அனுப்பும் பெரிய தொழிற்சாலையில், பெல்ட்டில் வரிசையாக வரும் ரொட்டிகளைப் பையில் போட்டுக் கட்டும் வேலை அவளுக்கு. கோணலாக வெந்ததையும், ஓரம் பிய்ந்ததையும் தனியே ஒதுக்கிவிட வேண்டும். கடைக்குப் போகாத அந்தக் கோணல் ரொட்டிகளை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ரொட்டிக்காரியும் எடுத்து வருவாள். ஆனால் பெரிய துணிக்கடைப் பை ஒன்றில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடி, ஏதோ பட்டுப்புடவை வாங்கி வருகிறவள் போலப் படியேறுவாள். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அந்த நாலு பேரும் வேறு எங்கும் இல்லை, அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள்.

மூன்று மாடிக் கட்டடம் அது. மாடிக்கு இரண்டு வீடு. லிப்ட் கிடையாது. தரைத்தளத்தில் நகராட்சி நடத்தும் குழந்தைகள் காப்பகம். விடியும் முன்பே அதன் விளக்கு எரிந்துவிடும். அந்தப் பக்கத்து ஜனங்கள் பாதிப்பேர் இருட்டோடு கிளம்புகிறவர்கள். நகரம் கண் விழிக்கும்போது ரொட்டி இருக்க வேண்டும், ஆபீஸ் தரை துடைத்திருக்க வேண்டும், வாசலில் கார் நிற்க வேண்டும் என்றால், யாரோ சிலர் அதற்கு முன்பே எழுந்து பிள்ளையை எங்காவது விட்டுவிட்டு ஓடித்தானே ஆக வேண்டும்? ரொட்டிக்காரியின் புருஷன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பான். இரண்டு பேரும் சம்பாதித்தால்தான் வாடகைக்கும் வயிற்றுக்கும் இழுத்துக்கோ பிடித்துக்கோ என்று சரியாக வரும். மூன்று வயது மகளைத் தூக்கக் கலக்கத்தோடு தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, காப்பக டீச்சரின் கையில் கொடுத்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். டீச்சர் வாயாடி, ஊர்க்கதை பேசாமல் இருக்க மாட்டாள். ஆனால் பிள்ளைகளிடம் அவளைப் போல ஒருத்தி கிடைக்க மாட்டாள்.

இப்படி இருக்கையில் நோட்டீஸ் ஒன்று ஒட்டினார்கள். நகரத்தில் வசிப்பவர்களின் தொழில், வருமானம், வீட்டுச் சாமான் பற்றிக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. எதற்காக என்று சின்ன எழுத்தில் கீழே இருந்தது. சின்ன எழுத்தை யார் படித்தார்கள்?

"போன தடவை நம்ம தெருவைப் பின்தங்கிய பகுதின்னு போட்டுட்டாங்க," என்றார் எதிர்வீட்டு டிரைவர் அண்ணன். பெரிய இடத்தில் கார் ஓட்டுகிறவர். "அதுலேர்ந்து எங்க முதலாளியம்மா, 'உங்க பக்கம் தண்ணியெல்லாம் வருதா'ன்னு பாவமாக் கேக்குறாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு."

ரொட்டிக்காரிக்குச் சுருக்கென்றது. தன் வீட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மகளின் ஒரு காலில்லாத பொம்மை. இதை எழுதிக்கொண்டு போகவா ஒருத்தி வரப்போகிறாள்?

"அண்ணே, உங்க சோபாவைக் கொஞ்ச நேரம் குடுங்களேன்."

டிரைவர் அண்ணனின் சோபா அந்தக் கட்டடத்துக்கே பெருமை. அடர் சிவப்பு வெல்வெட்டு. உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போய்விடும், எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். அதை யாரும் கடனாகக் கேட்டதில்லை. கேட்டதும் அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அதுக்கென்ன, தூக்கிட்டுப் போ. ஆனா பாத்து, கனம் ஜாஸ்தி."

கணக்கெடுக்க வந்தவள் சின்னப் பெண். கையில் டேப்லெட், காலில் தேய்ந்த செருப்பு. ரொட்டிக்காரியின் வீட்டில் சோபாவில் அமிழ்ந்து உட்கார்ந்துகொண்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"உணவுத் துறை. சூப்பர்வைசர்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. சம்பளத்தையும் ஒரு மடங்கு கூட்டியே சொன்னாள். பொய் என்று இறங்கிவிட்ட பிறகு அதில் என்ன சிக்கனம்?

பெண் டீ குடிக்கக் காப்பகத்துக்கு இறங்கிய இடைவெளியில் சோபா எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவள் அங்கேயும் அதே சிவப்பில் உட்கார்ந்தாள்.

"இதே மாதிரி எதிர்வீட்லயும்…"

"செட்டா வாங்கினோம். தள்ளுபடியில," என்றாள் டிரைவரின் மனைவி, கண் இமைக்காமல். டிரைவர் அண்ணன் தன் வேலையைப் 'போக்குவரத்து நிர்வாகம்' என்று எழுதச் சொன்னார்.

அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது, இரண்டாம் மாடி நகைக்கடை அக்கா கீழே எட்டிப் பார்த்தாள். நகைக்கடையில் விற்பனை செய்கிறவள். கை நிறைய வளையல் அடுக்கிக்கொண்டு நடந்தால் மாடி முழுக்கக் கேட்கும். "என்னப்பா, உங்களுக்கு மட்டும்தான் கவுரவமா? நாங்க என்ன தொக்கா?" என்றாள். சோபா ஒரு மாடி ஏறியது. அக்கா தன் பங்குக்கு அந்தக் கடையில் தனக்கும் பங்கு உண்டு என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தாள்.

அவளுக்கு எதிர்வீட்டில் வாட்ச்மேன். ராத்திரிக் காவல், பகலில் கும்பகர்ணத் தூக்கம். கதவை இடித்தாலும் எழ மாட்டார், எழவுமில்லை. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்காரர்கள் வேலை நிமித்தம் வெளியூர் போயிருந்தார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. மற்றொன்றில் பெயிண்டர் மாமா. அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீடு நாலு தெரு தள்ளித்தான். கணக்கெடுக்கிறவள் அங்கேயும் போவாள், ஏதாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால்?

"அந்த சோபா இன்னும் ஒரு மாடி ஏறுமா?" என்று அவர் தயங்கிக் கேட்டார்.

நகைக்கடை அக்கா அந்தப் பெண்ணை, "மொட்டை மாடிக்கு வாங்க, காத்து பிச்சுக்கிட்டு வரும்," என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கேப்பில் டிரைவரும் பெயிண்டரும் ரொட்டிக்காரியும் சோபாவைத் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதற்குள் மேலிருந்து செருப்புச் சத்தம். பெயிண்டர் மாமா யோசிக்கவே இல்லை. சட்டென்று அதன்மேல் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் நின்றாள். பார்த்தாள். "ஏங்க, படிக்கட்டுல சோபா?"

"காத்தாட உக்காந்திருக்கேம்மா."

"சரிங்க." அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உங்களுக்கு என்ன தொழில்?"

"கான்ட்ராக்டர்," என்றார் மாமா. அவரை அங்கேயே உட்காரவைத்து எழுதிக்கொண்டு, சோபாவின் முதுகைத் தாண்டிக் குதித்து இறங்கிப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் நாலு வீட்டிலும் ஒரே சிரிப்பு. டிரைவர் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. அடங்கிய பிறகு ஒரு மத்தியானம், வேலை முடிந்து மகளைக் கூப்பிட வந்த ரொட்டிக்காரியிடம் டீச்சர் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

கணக்கெடுப்பின்படி இப்பகுதி மக்களின் பொருளாதார நிலை நன்கு உயர்ந்திருக்கிறதாம். அதற்குப் பாராட்டு வேறு. ஆகவே தேவை அதிகமுள்ள வேறு பகுதிக்குக் காப்பகம் மாற்றப்படுகிறது. இந்த மாதக் கடைசியோடு இங்கே மூடப்படும்.

"இந்தக் கணக்கே அதுக்குத்தானாம்," என்றாள் டீச்சர். "எந்த ஏரியாக்கு எது வேணும்னு பாக்க. நோட்டீஸ்லயே இருந்துச்சு, கீழ."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். விடியற்காலை ஷிப்டைத் தவிர வேறு ஷிப்ட் பெண்களுக்குத் தொழிற்சாலையில் கிடையாது. அந்த நேரத்தில் பிள்ளையை எங்கே விடுவது? தனியார் காப்பகம் எல்லாம் சூரியன் வந்து டீ குடித்த பிறகுதான் திறப்பார்கள். வேலையை விட வேண்டியதுதான்.

புருஷன் போனில், "விட்டுடு, நான் வந்ததும் பாத்துக்கலாம்," என்றான். அவன் வர இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. "சரி," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மகளுக்குக் கேட்கக் கூடாதே.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேரே கணக்கெடுப்பு ஆபீசுக்குப் போனாள். அதே பெண்தான் மேஜையில் இருந்தாள். ரொட்டிக்காரி மென்று முழுங்காமல் சொல்லிவிட்டாள்.

"நான் சொன்னது பொய்ம்மா. நான் சூப்பர்வைசர் இல்ல, பாக்கிங். அந்த சோபாவும் எங்களுது இல்ல."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"மூணு தடவை உக்காந்தேனே. ஒரு கால் இல்ல, செங்கல் வச்சிருக்கு. வீட்டுக்கு வீடு செங்கலையும் தூக்கிட்டுப் போனீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல." முதல்முறையாக அவள் சிரித்தாள். "ஆனா நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும். பாத்ததை எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

"இப்ப மாத்திக்கலாமா?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். ஒரு வீடு மட்டும் மாற்றிச் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டடத்தில் பாதிக்கு மேல் வீடுகள் நேரில் திருத்திச் சொன்னால் மறுபடி பார்ப்பார்கள். ஆறு வீட்டுக்கு நாலு. "ஞாயித்துக்கிழமை வர்றேன். கதவு திறந்திருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் போவேன். நீங்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுக்கா."

வாட்ச்மேன் எழ மாட்டார். ஒரு வீடு பூட்டு. அப்படியென்றால் மிச்சமிருக்கும் நாலும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் போச்சு.

அன்று மாலை ரொட்டிக்காரி மூன்றாம் மாடி வரை ஏறினாள். பெயிண்டர் மாமா வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோது உள்ளே பேச்சு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து முடிவாகப் பேசப் போகிறார்கள், நல்ல டம்ளராக நாலு வாங்க வேண்டும் என்று மாமா மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது. டிரைவர் வீட்டிலும் கிடையாது, நகைக்கடை அக்கா வீட்டிலும் கிடையாது. என் பிள்ளைக்காக நீங்கள் எல்லோரும் உங்கள் மானத்தைத் தெருவில் வையுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? சோபாவைக் கேட்ட வாய் ஒன்று போதாதா? தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

நடந்ததை டீச்சரிடம் மட்டும் சொல்லி, "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றாள். டீச்சரிடம் போய் அப்படிச் சொன்னாளே, அவளை என்ன சொல்வது! ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நிற்கும் என்று நம்பின மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். ரொட்டிக்காரி கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள். பாய், பிளாஸ்டிக் நாற்காலி, பொம்மை. நாற்காலிமேல் கோணல் ரொட்டி, துண்டு மூடாமல். உண்மையான சம்பளத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் செருப்பில் குத்திய முள்ளை எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

"ஒண்ணு," என்றாள் அந்தப் பெண்.

எதிர்வீட்டில் தடால் என்று சத்தம். டிரைவர் அண்ணன் சோபாவை வாசலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு மூச்சிரைக்க நின்றார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. செங்கல் அவர் கையில் இருந்தது.

"எழுதிக்கம்மா. நான் வெறும் டிரைவர். இது எங்க முதலாளி வீட்ல தூக்கிப் போட்டது. குப்பை வண்டி வர்றதுக்குள்ள நான் தூக்கிட்டு வந்துட்டேன்." மாடி முழுக்கக் கேட்கிற குரலில்தான் சொன்னார். அவர் மனைவி பின்னாலிருந்து, "தள்ளுபடியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள்.

ரொட்டிக்காரி வாசலுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, நான் உங்ககிட்ட கேக்கவே இல்லையே…"

"கேக்காம இருந்தியே, அதுக்குத்தான் உன்மேல கோபம்," என்றார் அவர்.

இரண்டாம் மாடியில் நகைக்கடை அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். வளையல்களைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். "தூக்கிப் பாரு. காத்து மாதிரி இருக்கும். எல்லாம் கவரிங். தங்கம் விக்கிறவ கையில தங்கம் இருக்கணும்னு ஒண்ணும் இல்லையே? சம்பளம் எவ்வளவுன்னா…" என்று தொகையையும் சொன்னாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்திருந்த ரொட்டிக்காரிக்கும் அது கேட்டது. ரொட்டிக்காரியின் சம்பளத்தைவிடக் குறைவு. இத்தனை வருஷமாக இந்தக் கை வளையலைப் பார்த்தா பெருமூச்சு விட்டோம் என்று ரொட்டிக்காரி நினைத்துக்கொண்டாள்.

"மூணு," என்றாள் அந்தப் பெண். அடுத்த படியில் காலை வைத்தாள்.

மேலே சிரிப்புச் சத்தம். டம்ளர் வைக்கும் ஓசை. யாரோ ஒரு அம்மாள், "பொண்ணு உங்க சாயல்தான்," என்று சொல்வது கேட்டது.

ரொட்டிக்காரி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. மேல போகாதீங்க."

"நாலு வேணும்க்கா. இது ஒண்ணுதான் பாக்கி."

"தெரியும். அவங்க வீட்ல சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்காங்க. எனக்கு வேலை போனா இன்னொண்ணு தேடிக்குவேன். அந்தப் பொண்ணுக்கு அமைஞ்சது கெட்டுப்போனா நான் எங்க போய்த் தேடித் தருவேன்? போதும், இறங்குங்க."

சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. இடுப்பில் இருந்த மகள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரு, கணக்கெடுக்குற பொண்ணா?" மேலிருந்து பெயிண்டர் மாமாவின் குரல். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். சலவைச் சட்டை, சீவிய தலை. "அங்க என்ன ரகசியம்? மேல வாங்க. கதவு திறந்துதானே இருக்கு? எல்லாரும் வாங்க."

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் புது டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமா உட்காரவில்லை. பாடம் ஒப்பிக்கும் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"போன தடவை கான்ட்ராக்டர்னு சொன்னேன். கான்ட்ராக்டர் வேற ஆளும்மா. நான் ஏணி மேல நிக்கிற ஆளு. மழைக்காலம் முழுக்க வேலை கிடையாது. வெயில் காலத்துல சம்பாதிச்சதை வச்சுத்தான் ஓட்டுறோம். திருத்தி எழுதிக்க."

அவர் மனைவி சேலைத் தலைப்பைத் திருகினாள். கதவோரம் நின்ற மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை எதுக்கு இப்ப…" என்றார்.

"இந்தப் பொண்ணு விடியக்காலையில வேலைக்குப் போகணுங்க," என்று மாமா ரொட்டிக்காரியைக் காட்டினார். "கீழ காப்பகம் இருந்தாத்தான் போக முடியும். நான் பணக்காரனா இருந்தா அதை மூடிடுவாங்களாம். அதான் பணக்காரனா இருக்குறதை விட்டுட்டேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. பின்னால தெரியறதுக்கு முன்னால தெரியறது நல்லதுதானே."

தன்னால் ஒரு கல்யாணம் நின்றுவிடப் போகிறதே, பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று ரொட்டிக்காரி நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா கணக்கெடுக்கிற பெண்ணின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"ஏம்மா, எங்க தெருவுக்கும் மறுபடி வருவியா?"

"எதுக்கும்மா?"

"இல்ல… நாங்களும் போன தடவை கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம்."

"ஏய், சும்மா இரு," என்றார் அவள் புருஷன்.

"என்ன சும்மா இரு? எதிர்வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கிட்டு வந்தது யாரு, நானா?"

முதலில் சிரித்தது பெயிண்டரின் மகள்தான். பிறகு நகைக்கடை அக்கா, பிறகு எல்லோரும். மாப்பிள்ளையின் அப்பாகூட மீசைக்குள் சிரித்துக்கொண்டு டம்ளரை மறுபடி எடுத்தார். கணக்கெடுக்க வந்த பெண், "நாலு," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பால் வந்த கண்ணீரா, வேறெதனாலா, அவளுக்கே தெரிந்திருக்காது.

காப்பகம் மூடவில்லை. கடிதம் திரும்பப் பெறப்பட்டது என்று இன்னொரு கடிதம் வந்தது. பாராட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், போகட்டும். டிரைவர் அண்ணன் சோபாவை மறுபடி வீட்டுக்குள் விடவில்லை. காப்பகத்துக்கே கொடுத்துவிட்டார். பெயிண்டர் மாமா அந்தச் செங்கல்லுக்கு மிச்சப் பெயிண்டில் சிவப்பு அடித்துக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் ரொட்டிக்காரி விடியுமுன் மகளை அந்த சோபாவில் படுக்க வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். மத்தியானம் துணிக்கடைப் பை இல்லாமல், கையிலேயே கோணல் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டு படியேறுவாள். வீட்டுக்கு ஒன்று, எழவே எழாத வாட்ச்மேன் வீட்டுக் கதவிலும் ஒன்று. கடைசி ரொட்டி மூன்றாம் மாடிக்கு.

முதல் நாள் பெயிண்டர் மாமா கதவைத் திறந்தபோது, நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. ரொட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள், கண் நிறைந்து வழிந்தது.

மாமா ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையா இத்தனை நாள் துண்டு போட்டு மூடிக்கிட்டு வந்தே? நீ கீழ் மாடியில வரும்போதே நாங்க வாசனை பிடிச்சிடுவோம். என்னைக்காவது குடுப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்," என்றவர், உள்ளே திரும்பி, "ஏம்மா, டீ வை. நம்ம ரொட்டிக்காரி வந்திருக்கு," என்றார்.